பட்டுத் தெளிவதைச் சொல்லும் ஓர் ஆங்கில வினைச்சொல்: கேள்வி பதில்

‘சேஸன்’ (chasten) என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிக் கோலாலம்பூர் வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஆங்கில ஆசிரியை ஒருவரின் பதில்கள்.

செந்தூல், ஆறாம் படிவ மாணவி: டீச்சர், ‘சேஸண்ட்’ என்றாலும் ‘ஹியூமிலியேட்டட்’ என்றாலும் தாழ்த்தப்படுவது என்றுதானே பொருள்?

இரண்டும் ஒன்றல்ல. ‘ஹியூமிலியேட்’ என்று சொன்னால் நாலு பேர் முன்னிலையில் ஒருவருடைய மானம் போகிறது. அதன் பிறகு அவருக்குப் புத்தி வந்ததா இல்லையா என்பதைப் பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை. ‘சேஸன்’ என்று சொன்னாலோ, ஒரு தோல்வியோ கண்டிப்போ ஒருவருடைய தலைக்கனத்தை இறக்கி, இனி நிதானமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள்ளேயே உண்டாக்கிவிடுகிறது. ‘பட்டுத் திருந்தினான்’ என்று நாம் சொல்வது இதற்கு மிகவும் நெருங்கி வரும்.

நம் நாட்டு நிகழ்வு ஒன்றைக் கொண்டு பார்ப்போம். 2008 மார்ச் 8 அன்று நடந்த பொதுத்தேர்தலில் ஆளும் கூட்டணியான பாரிசான் நேசனல் 222 நாடாளுமன்ற இடங்களில் 140ஐ மட்டுமே வென்று, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது; பினாங்கு, சிலாங்கூர் உட்பட ஐந்து மாநிலங்களில் எதிரணி வென்றது. இதைப் பற்றி ஒருவர் ‘பாரிசான் வாஸ் சேஸண்ட் பை த ரிசல்ட்’ என்று எழுதினால், வாக்காளர் தந்த அடி உறைத்து அக்கூட்டணி அடக்கம் கொண்டது என்று அவர் உறுதி கூறுகிறார். அந்த அடக்கத்திற்கு அவரிடம் சான்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘தோற்றது’, ‘இழந்தது’ என்று எழுதுவதே நேர்மை. பத்திரிகைகளில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் எழுதுகிறவர்கள் உண்டு.

பிரிக்பீல்ட்ஸ், அலுவலக நிர்வாகி: விருது பெறுகிறவர்கள் ‘ஐ ஆம் ஹம்பிள்ட்’ என்கிறார்கள். அங்கே ‘சேஸண்ட்’ என்று சொல்லலாமா?

கூடவே கூடாது. விருது வாங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டது போல ஆகிவிடும். ‘ஹம்பிள்’ என்ற வினைக்கும் அடிப்படைப் பொருள் கீழே இறக்குவதுதான். 2014 உலகக் கிண்ண அரையிறுதியில் பிரேசில் தன் சொந்த மண்ணிலேயே ஜெர்மனியிடம் 7–1 என்று தோற்றதே, அதற்கு ‘ஹம்பிள்ட்’ சரியாகப் பொருந்தும். இவ்வளவு பெரிய கௌரவத்தின் முன் நான் சிறியவன் என்ற கருத்தில் விருது மேடையிலும் அது இன்று பரவலாக வழங்குகிறது. பிழை என்று ஒதுக்க முடியாது. இருப்பினும் என் காதுக்கு அது அடக்கத்தின் போர்வையில் வரும் பெருமையாகவே ஒலிக்கிறது. ‘ஆனர்ட்’ என்று எழுதினால் குறையொன்றுமில்லை.

கெப்போங், பெற்றோர்: என் மகன் ‘சேஸ்டன்’ என்று உச்சரிக்கிறான். சரியா?

சரியில்லை. எழுத்தில் ‘டி’ இருந்தாலும் ‘லிஸன்’, ‘ஃபாஸன்’ (fasten) ஆகிய சொற்களில் போலவே அது ஒலிக்காது. முதலொலி, நாற்காலியைக் குறிக்கும் ‘சேர்’ என்ற சொல்லில் உள்ளது. அவன் ‘சேஸ்டைஸ்’ (chastise) என்ற உறவுச் சொல்லோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். அதில் ‘டி’ ஒலிக்கும், பொருளும் கடுமையாகக் கண்டிப்பது.

செராஸ், காப்புறுதி அலுவலக ஊழியர்: வாக்கியத்தில் இதை எப்படி அமைப்பது? மன்னிப்புக் கடிதத்தில் எழுதலாமா?

பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும்: ‘ஷீ வாஸ் சேஸண்ட் பை த எக்ஸ்பீரியன்ஸ்’. செய்வினையில் எழுதும்போது தோல்வி, விபத்து, இழப்பு போன்ற நிகழ்ச்சியை எழுவாயாக வையுங்கள். ‘மேலாளர் என்னை சேஸன் செய்தார்’ என்ற அமைப்பு இலக்கணப்படி தவறில்லை என்றாலும், இன்றைய நடையில் வேதாகம வாசனை அடிக்கும். பெயரடையாக ‘எ சேஸனிங் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது மிகவும் பழக்கமான தொடர்.

மன்னிப்புக் கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள். வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது ‘அபாலஜைஸ்’ என்ற சொல்லையும், பணம் எப்போது திரும்பும் என்ற விவரத்தையும்தான். உங்கள் மனம் எவ்வளவு பக்குவப்பட்டது என்ற செய்தி அவருக்குத் தேவையில்லை.

செத்தாப்பாக், மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) எழுதுபவர்: கட்டுரையில் இதைச் சேர்த்தால் மதிப்பெண் கூடுமா?

பொருந்துகிற இடத்தில் ஒருமுறை வந்தால் நல்லது. புள்ளிவிவரம் ஒன்று உங்களைத் திடுக்கிட வைத்தது என்று சொல்ல வேண்டுமானால் ‘சோபரிங்’ போதும். ‘சேஸனிங்’ என்று எழுத, அடிபட்டவரிடம் முன்பு கொஞ்சமாவது அகந்தையோ தவறோ இருந்திருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ், தேவாலய இளையோர் குழு: வேதாகமத்தில் இச்சொல் தண்டனையாகத்தானே வருகிறது?

ஆம், அன்போடு இணைந்த தண்டனையாக. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், எபிரெயர் 12:6இல், கர்த்தர் தாம் நேசிக்கிறவனை இவ்வினையால் திருத்துகிறார். தமிழ் வேதாகமம் அங்கே ‘சிட்சித்து’ என்கிறது. வேர்ச்சொல்லான லத்தீன் ‘காஸ்டிகாரே’, தூய்மை எனப் பொருள்படும் ‘காஸ்டுஸ்’ என்பதிலிருந்து வந்தது.