இரட்சிப்பு, கீழ்ப்படிதல், ஒரு தம்பி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக உங்கள் எழுத்தைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டாரோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன்.

என் தம்பி பதினேழு வயதில் ஒரு கன்வென்ஷனில் இரட்சிக்கப்பட்டான். வாலிபர் கூட்டத்தை அவன்தான் நடத்தினான். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். குடி பழகிக்கொண்டான். சபை விட்டுப்போனது. போன மாதம் போனில், "அக்கா, அதுல எல்லாம் இப்போ எனக்கு நம்பிக்கையே இல்லை, அந்தப் பேச்சை எடுக்காதே" என்றான்.

எங்கள் பாஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டி, கிருபையை ருசிபார்த்தபின் விசுவாசத்தை மறுதலித்தவனுக்குத் திரும்ப வழியில்லை என்றார். ஊரில் சித்தப்பா பிரதரன் சபை. அவர், ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் கெட்டுப்போகவே மாட்டான், உன் தம்பி இப்படி ஆகிவிட்டான் என்றால் அவன் இரட்சிக்கப்படவே இல்லை என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் என் தம்பிக்கு இடமில்லை.

எனக்கும் பயமாக இருக்கிறது. காலை நாலு மணி ஜெபம் ஒருநாள் தவறினால் அன்று முழுக்க எதையோ இழந்துவிட்ட மாதிரி இருக்கிறேன். இரட்சிப்பை இழக்க முடியுமா? முடியாது என்றால் கீழ்ப்படிதல் எதற்கு? என் தம்பிக்காக நான் என்னவென்று ஜெபிக்க வேண்டும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

"இரண்டு பேர் சொல்வதிலும் என் தம்பிக்கு இடமில்லை" என்ற வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. உபதேசியார் மகன், சிறுவயதிலிருந்து வேதம் வாசிக்கிறவன். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் நம்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரட்சிப்பு கைதவறித் தொலைந்துபோகாது. ஜெபம் தவறியதால் போகாது, ஒரு பாவத்தில் விழுந்ததால் போகாது. ஆனால் ஒருவர் அதை வேண்டாம் என்று உதறிவிட்டுப் போக முடியும், வேதம் அப்படித்தான் எச்சரிக்கிறது. போனவர் திரும்பினால் சேர்த்துக்கொள்ளப்படுவார் என்பதையும் அதே உறுதியோடு நம்புகிறேன்.

உங்கள் பாஸ்டரும் சித்தப்பாவும் புதிதாக எதையும் சொல்லவில்லை. இது பழைய வழக்கு. 1530-ல் லூத்தரன் சபையார் கொடுத்த விசுவாச அறிக்கை, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்ற போதனையைத் தள்ளியது. 1547-ல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம், சாவான பாவத்தால் கிருபையை இழக்கலாம், பாவசங்கீர்த்தனத்தால் திரும்பப் பெறலாம் என்றது. 1618-19-ல் ஹாலந்தில் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளோ, தேவன் தெரிந்துகொண்டவர்கள் முற்றுமாக விழுந்துபோக அவர் விடமாட்டார் என்று தீர்மானித்தன. நூறு வருடத்துக்கு மேல் கழித்து வந்த ஜான் வெஸ்லி அதை ஏற்கவில்லை. நீங்கள் வளர்ந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் டார்ட் பக்கம் சாய்ந்த பிரஸ்பிட்டேரியன்களும் அதில் சேர்ந்தார்கள். இந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டு யாரும் சேரவில்லை. ஒரே அப்பத்தைப் பிட்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அது பெரிய ஆறுதல்.

சித்தப்பா பிடித்துக்கொண்டிருக்கும் வசனம் பொய்யில்லை. "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று யோவான் பத்தில் இயேசுவே சொல்கிறார். நான் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்த நாட்களில் என்னைத் தாங்கிய வசனம் அது. ஆனால் அதிலிருந்து, "விழுந்தான் என்றால் அவன் இரட்சிக்கப்படவே இல்லை" என்று ஒரு மனிதனைக் காட்டித் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அதற்குக் காட்டும் வசனம் யோவானின் முதலாம் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது: பிரிந்துபோனவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை என்று. அது கிறிஸ்துவையே மறுத்துப் போதித்துக்கொண்டு சபையை உடைத்துப் போனவர்களைப் பற்றியது. மஸ்கட்டில் வேலை முடிந்து ரூமுக்கு வந்து தனியாகக் குடிக்கிற ஒரு பையன் மேல் அதைப் போட்டுவிட முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து விழுகிறவன் தொடக்கத்திலிருந்தே பொய் என்றால், இன்று நிற்கிற சித்தப்பாவும் தன்னைப் பற்றி எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பயத்தை எடுத்துப்போட வந்த போதனை, சுற்றிவந்து அதே பயத்தில் கொண்டுபோய் விடுகிறது.

அடுத்து எபிரெயர் ஆறு. கடினமான பகுதிதான். மறுதலித்துப்போனவர்களை "மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்" என்று இருக்கிறது, அதை நான் மெழுகப் போவதில்லை. ஆனால் அந்த நிருபம் யாருக்குப் போனது என்று பாருங்கள். விசுவாசத்துக்காக ஆஸ்திகளைப் பறிகொடுத்தவர்கள், நிந்தைப்பட்டவர்கள், பத்தாம் அதிகாரம் அதைச் சொல்கிறது. பழைய இடத்துக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறவர்களை நோக்கி, போகாதே என்று கத்துகிற குரல் அது. கிணற்றின் பக்கம் தவழ்ந்து போகிற பிள்ளையைப் பார்த்துத் தாய் போடும் சத்தம் அது. கத்திய மூன்றாவது வசனத்திலேயே, "பிரியமானவர்களே", உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டு என்று நம்புகிறோம் என்கிறார். அதை உங்கள் பாஸ்டர் வாசித்துக் காட்டினாரா? அதே "மறுபடியும்" என்ற சொல் ரோமர் பதினொன்றில் வேறு விதமாக வருகிறது. முறிக்கப்பட்ட கிளைகளைப் பற்றிப் பேசும்போது பவுல் சொல்கிறார்: "அவர்களை மறுபடியும் ஒட்டவைக்கிறதற்குத் தேவன் வல்லவராயிருக்கிறார்." மனிதருக்குக் கூடாத காரியம் என்பதோடு வேதம் நின்றுவிடுவதில்லை.

ஆதிச் சபை இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் சந்திக்கவில்லை, வாசற்படியில் சந்தித்தது. 250-ஆம் ஆண்டு. ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை போட்டான். பலியிட்டவர்களுக்கு அதிகாரிகள் சீட்டுக் கொடுத்தார்கள். எகிப்து மணலில் அந்தப் பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் அவுரேலியுஸ் தியோகேனஸ் என்ற கிழவரின் பெயர் இருக்கிறது. வயது 72, வலது புருவத்தில் தழும்பு. "நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டேன், பானபலி வார்த்தேன், பலியைப் புசித்தேன், சான்று தாருங்கள்" என்பதுதான் அதன் சாரம். அவர் கிறிஸ்தவரா என்பது அதில் இல்லை. ஆனால் இதே வாசகத்தைச் சொல்லிச் சீட்டு வாங்கிய கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கார்த்தேஜ் நகரத்தில் யாரும் இழுத்துப் போகாமலே சனங்கள் ஓடினார்கள், இருட்டிவிட்டது நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள் என்று அந்த ஊர் பிஷப் சிப்ரியான் வேதனையோடு எழுதியிருக்கிறார். இதைவிடத் தெளிவான மறுதலிப்பு உண்டா?

உபத்திரவம் தணிந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமில் நொவாசியான் என்ற மூப்பர், சேர்க்கவே கூடாது, தேவன் மன்னித்தால் மன்னிக்கட்டும், சபைக்கு அந்த அதிகாரமில்லை என்றார். அதற்காகத் தனிச் சபையே எழும்பியது. 251-ல் கார்த்தேஜில் கூடிய பிஷப்மார்கள் வேறு முடிவு எடுத்தார்கள். பணம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்க்கலாம். பலியே இட்டவர்கள் நெடுங்காலம் மனந்திரும்புதலில் இருக்க வேண்டும், மரணப்படுக்கையில் சமாதானம் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் அடுத்த உபத்திரவம் வரும்போலத் தெரிந்ததும், மனந்திரும்பிக் காத்திருந்தவர்களை உடனே சேர்த்துக்கொண்டார்கள். திருவிருந்து இல்லாமல் இவர்களை எப்படிப் போராட்டத்துக்கு அனுப்புவது என்பது அவர்களுடைய நியாயம். சிப்ரியான் இரண்டு பேரைச் சொல்கிறார், காஸ்துஸ், எமிலியுஸ். முதல் முறை சித்திரவதையில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை நெருப்பில் நின்றார்கள்.

எபிரெயர் நிருபத்தின் எச்சரிப்பை அறியாத காலம் இல்லை அது. இருந்தும் கதவைத் திறந்தார்கள். விழுந்ததை லேசாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்தப் பாதைதான் சரியாகப் படுகிறது.

இனி உங்களைப் பற்றி. நம் சபைகளில் இரட்சிப்பை எப்போதும் இறந்தகாலத்தில்தான் பேசுகிறோம். எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று கேட்கிறோம். நானும் பதினான்கு வயதிலிருந்து நான்கு கன்வென்ஷன்களில் தொடர்ந்து கை உயர்த்தினேன், இன்றிரவு செத்தால் எங்கே போவாய் என்று கேட்ட ஒவ்வொரு முறையும் பழைய தேதி செல்லாது என்று தோன்றியது. வேதத்தில் மூன்று காலமும் இருக்கிறது. எபேசியரில் இரட்சிக்கப்பட்டீர்கள், கொரிந்தியரில் இரட்சிக்கப்படுகிற நமக்கு, ரோமரில் இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயம். ஒரு தேதியில் முடிந்துபோன காரியமாக மட்டும் வைத்துக்கொள்வதால்தான் அந்தத் தேதி செல்லுமா செல்லாதா என்ற பயம் வருகிறது.

கீழ்ப்படிதல் எதற்கு என்கிறீர்கள். இஸ்ரவேலர் செங்கடலைத் தாண்டிய பிறகுதான் சீனாய் மலையும் அங்கே கொடுத்த கட்டளைகளும் வந்தன. அந்தக் கற்பனைகளைக் கைக்கொண்டால் எகிப்திலிருந்து விடுவிக்கிறேன் என்று தேவன் சொல்லவே இல்லை. விடுவித்துக் கூட்டிவந்துவிட்டு, இனி இப்படி வாழுங்கள் என்றார். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவன் லூக்கா பதினைந்தில், கெட்ட குமாரன் கதையில் வரும் மூத்த மகன். "ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்கிறான், அது உண்மையும்கூட, தகப்பன் மறுக்கவில்லை. ஆனால் கதை முடியும்போது அவன்தான் வாசலுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் அவனைத் தேடியும் வெளியே வருகிறார்.

என் தாத்தாவுக்கு ஆத்தூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தியை வரிசையாக நட்டு அதில் கொடியை ஏற்றுவார்கள். கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தானே மரத்தைப் பற்றிக்கொள்ளும். அப்படியிருந்தும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தாத்தா ஈர வாழைநாரை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போவார். சாணுக்கு ஒரு கட்டு. இறுக்க மாட்டார், விரல் நுழைகிற அளவு தளர்த்தி முடிச்சுப் போடுவார். இறுக்கினால் தண்டு நசுங்கிவிடும். "அதுதான் பிடிச்சிருக்கே தாத்தா, எதுக்குக் கட்டுறீங்க?" என்று கேட்டேன். "அது பிடிக்கணும்னுதான் கட்டுறேன்" என்றார்.

பிலிப்பியர் இரண்டை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கும். பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று சொன்ன கையோடு, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார் பவுல். யூதாவும் தன் நிருபத்தின் ஒரே பக்கத்தில் தேவனுடைய அன்பிலே உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்கிறார், வழுவாதபடி உங்களைக் காக்க வல்லவர் என்றும் சொல்கிறார். கொடி பற்றுவதும் உண்மை, கட்டுகிற கையும் உண்மை. பற்றாத கொடி உலர்ந்துபோகும் என்று யோவான் பதினைந்தில் இயேசு சொன்னதும் உண்மை. ஆகவே கீழ்ப்படிதல் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் நாலு மணி ஜெபம் இப்போது இறுக்கிக் கட்டிய நார் மாதிரி இருக்கிறது. இந்த வாரம் ஒருநாள் நன்றாகத் தூங்கி எழுந்து, ஆறு மணிக்குக் காபி போட்டுக்கொண்டே ஜெபியுங்கள். அவர் அப்போதும் அங்கேதான் இருப்பார்.

தம்பிக்காக என்ன ஜெபிப்பது? பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவனுக்காக ஜெபித்துவிட்டார்: "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." குணப்பட்டால் என்று சொல்லவில்லை பாருங்கள். அந்த ஜெபத்தையே உங்கள் தம்பியின் பெயரை வைத்து ஜெபியுங்கள். அவன் இரட்சிக்கப்பட்டானா இல்லையா, இழந்தானா இல்லையா என்ற கணக்கை இறக்கி வைத்துவிடுங்கள். அதைப் போட நமக்குத் தெரியாது. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்பது தெரியும்.

அப்புறம், அவன் எடுக்காதே என்று சொன்ன பேச்சை எடுக்க வேண்டாம். ஆனால் போனை நிறுத்திவிடாதீர்கள். லூக்கா பதினைந்தில் தகப்பன் இளைய மகனைத் தூரத்திலேயே கண்டது, அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவாக இருக்கும். கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டாயா, உனக்கு அச்சுமுறுக்கு எடுத்து வைக்கவா என்று கேளுங்கள்.