பயத்தையும் நீங்களே படையுங்கள்

அன்புள்ள அக்கா,

நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடல்மட்டம் உயர்ந்துவிட்ட எதிர்காலச் சிங்கப்பூரில் நடக்கும் கதை. கடற்சுவருக்கு அடியில் உவர்மக்கள் என்றொரு இனம் வந்து குடியேறுகிறது. செதில் உடம்பு, வேறு மொழி. ஊரே அவர்களைக் கண்டு நடுங்குகிறது. கடைசியில் மரினா அணைக்கட்டின் மதகுகளைத் திறந்துவிட்டு அவர்களை அழித்துவிடுகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தை வாசகர் வட்டத்தில் படித்தேன். ஒரு நண்பர், "இது வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி எழுதியது மாதிரி இருக்கிறது, எடுத்துவிடு" என்றார். சத்தியமாக எனக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை. அந்நியர்களைப் பயங்கரமாகக் காட்டுவதே தப்பா? வேற்றுலகவாசிகள் எல்லாரும் இனி நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டுமா? அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

அத்தியாயத்தை எடுக்க வேண்டாம். பயமுறுத்துவது தப்பே இல்லை. அறிவியல் புனைவிலும் மிகுபுனைவிலும் பாதி உயிர் பயத்தில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் நண்பர் சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். அவர் எதையோ சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறார்.

அந்த அந்திநேரக் காட்சியை மறுபடி பாருங்கள். அடுக்குமாடி புளோக்கின் அடியில் புல்தரையில் உவர்மக்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். உரக்கப் பேசுகிறார்கள். ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அவர்கள்மேல் ஒரு வாடை அடிக்கிறது. உங்கள் நாயகி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு மின்தூக்கிக்கு ஓடுகிறாள். இதில் செதிலை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் லிட்டில் இந்தியாவின் தேக்காவை, அதன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி நாம் பல வருடங்களாகக் கேட்டுவரும் புகார், வரிக்கு வரி அதேதான். அந்தப் புல்லில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்தவர்கள். நம் மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். உயிரினத்தைப் புதிதாகப் படைத்த நீங்கள், பயத்தை மட்டும் தெருவில் கிடந்ததை எடுத்து அப்படியே வைத்துவிட்டீர்கள். எண்ணம் இல்லாமல் எழுதினேன் என்கிறீர்கள், நம்புகிறேன். எண்ணிப் பார்க்காத இடத்தில்தான் இந்த மாதிரிப் பயம் தானாக வந்து உட்காரும்.

பெரிய எழுத்தாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1925-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோது, ரெட் ஹூக் பகுதியின் குடியேறிகளை வைத்து ஒரு பேய்வழிபாட்டுக் கதை எழுதினார். இன்று படித்தால் அதில் பேய் பயமுறுத்துவதில்லை. அந்த மனிதர்கள்மேல் அவருக்கிருந்த அருவருப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. 2016-இல் அமெரிக்க எழுத்தாளர் விக்டர் லாவால் அதே கதையை ஒரு கறுப்பின இளைஞனின் பக்கமிருந்து திருப்பி எழுதினார். அதில் பயம் நிஜமாகவே பிடிக்கிறது. போலீஸ் கையில் துப்பாக்கி இருக்கும் தெருவில் நடக்கும் கதை அது. எச்.ஜி. வெல்ஸ் 1898-இலேயே வேறு வழியில் போயிருந்தார். செவ்வாய்க்காரர்கள் இங்கிலாந்தைத் தாக்கும் நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததை நினைவூட்டிவிடுகிறார். தன் நாடு அடுத்தவருக்குச் செய்தது தன் வாசலுக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டு அந்தப் பயத்தைக் கட்டியிருக்கிறார்.

நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. உங்களுக்கு அது மிகவும் உதவும் என்று நினைக்கிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் பழைய கட்டடத்தில் 1845-இலும் 1849-இலும் இடி விழுந்தது. 1852-இல் அதை மூடிவிட்டார்கள். வழிபாடு வேறு இடத்துக்கு மாறியது. அப்புறம் ஒரு வதந்தி கிளம்பியது: கோயிலில் துர்ஆவிகள் புகுந்துவிட்டன, அவற்றைத் தணிக்க பிரிட்டிஷ் ஆளுநருக்கு மனிதத் தலைகள் வேண்டும், தலை வெட்டிவர இந்தியக் கைதிகளை இரவில் அனுப்புகிறார்கள். சீனர்கள் குடியிருந்த பகுதிகளில் ஜனங்கள் இருட்டியபின் வெளியே வர அஞ்சினார்கள். அந்தக் கதையில் அரக்கர்கள் நம்மவர்கள்.

இது எப்படி உருவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடம், இடி, கப்பலில் கொண்டுவந்து இறக்கிய கறுத்த மனிதர்கள், அவர்களை ஏவ அதிகாரம் உள்ள ஓர் அரசு. அந்த அரசு எதற்காக என்ன செய்கிறது என்று யாரும் ஜனங்களுக்குச் சொல்வதில்லை. பயந்தவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய பயத்துக்கு வேர் இருந்தது. ஆனால் அது ஆளுநர் மாளிகை வரை போக முடியாமல், கைதிகளின் தலையில் வந்து விழுந்தது. அதே கைதிகள்தான் பின்னர் இன்றிருக்கும் பேராலயத்தைக் கட்டினார்கள். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு, சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு பூசினார்கள். தலைவெட்டிகள் என்று பேர் வாங்கியவர்கள் முட்டை உடைத்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! சிட்டி ஹால் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சுவர்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைக்கும்.

உங்கள் உவர்மக்களுக்கு இப்படி ஒரு வரலாறு இல்லை. யார் முதலில் அவர்களைப் பற்றி என்ன சொன்னார்கள்? அந்தப் பயத்தால் யாருக்கு லாபம்? அது நகரத்தில் என்ன தடத்தை விட்டிருக்கிறது? 2008-இல் சிராங்கூன் கார்டன்ஸில் வெளிநாட்டு ஊழியர் விடுதி வரப்போகிறது என்றதும் குடியிருப்பாளர்கள் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். விடுதி வந்தது. ஊழியர்கள் குடியிருப்புக்குள் நுழையாமல் போய்வரத் தனிச் சாலையும் வந்தது. பயம் ஒரு சாலையாகவே மாறிவிடுகிறது பாருங்கள். கதைக்கு ஓர் உலகைக் கட்டுவது என்றால் அந்தச் சாலையைப் போடுவதும்தான். உங்கள் நகரத்தில் எல்லாரும் நடுங்குகிறார்கள், ஆனால் ஒரு வேலியோ பலகையோ சட்டமோ கண்ணில் படவில்லை.

சரி, எல்லாரையும் நல்லவர்களாக்கவா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. பணிவும் புன்னகையுமாக வரும் அந்நியன் எனக்கு இன்னும் வருத்தம் தருகிறான். அவனுக்குக் கோபப்படும் உரிமைகூட இல்லை. உவர்மக்களில் கொடியவர்கள் இருக்கட்டும், பொய் சொல்பவர்கள் இருக்கட்டும். அவர்களுக்கும் நம்மைக் கண்டு ஒரு பயம் இருக்கட்டும். உவர்நீரில் பிறந்தவர்களுக்கு நம் ஊரின் அடைமழை எவ்வளவு அச்சமாக இருக்கும்! மனிதர்களுக்குப் புரியவே புரியாத ஒன்றை எழுத வேண்டுமென்றாலும் எழுதலாம். அப்போது அதற்கு வாடையும் கெட்ட பழக்கமும் தராதீர்கள். அவையெல்லாம் நாம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்பவை.

முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் செத்து ஒழிவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. நம் கந்தபுராணத்தில் மாமரமாய் நின்ற சூரபத்மனை வேல் பிளந்தபின் அவன் மயிலாகவும் சேவலாகவும் முருகனோடேயே இருந்துவிடுகிறான். அவனைத் துடைத்தெறிந்துவிட்டுக் கதை முடிவதில்லை.

அத்தியாயத்தில் கடற்சுவர் விரிசல் விடுகிறது, இரவோடு இரவாக அடைபடுகிறது. அடைத்தது யார் என்று நீங்கள் சொல்லவில்லை. சுவருக்கு அடியில் குடியிருப்பவர்கள் உவர்மக்கள்தானே. அவர்கள்தான் அடைத்தார்கள் என்றால் மதகைத் திறக்கும் உங்கள் கடைசி அத்தியாயம் அப்படியே நிற்காது. அதிலிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
அக்கா