எம்எஃப் டூம்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

நண்பரே, கல்லூரி இதழ்க் கட்டுரைக்காக நீங்கள் பட்டியலிட்ட ஸெவ் லவ் எக்ஸ், விக்டர் வான், கிங் கீடோரா மூவரும் ஒரே ஆள்தான்: எம்எஃப் டூம் என்ற பெயரில் முகமூடியோடு ராப் செய்த டேனியல் டூமிலே. மூன்று ராப்பர்கள் என்று எழுதிவிடாதீர்கள்!

1971இல் லண்டனில் பிறந்தவர், வளர்ந்தது நியூயார்க்கின் லாங் ஐலண்டில். தம்பி சப்ராக்கோடு கேஎம்டி என்ற ராப் குழுவில் இருந்தார். 1991இல் எலெக்ட்ரா என்ற இசை நிறுவனம் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 1993இல் தம்பி கார் மோதி இறந்தார். மறு ஆண்டே, இரண்டாவது ஆல்பத்தின் அட்டைப்படச் சர்ச்சையில் நிறுவனம் கைகழுவியது. கட்டுரையில் இதற்குத்தான் இடம் ஒதுக்குங்கள். முகமூடிக்கான காரணம் இங்கே இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே மேடையில் முகத்தில் ஸ்டாக்கிங் (மெல்லிய நீளக் காலுறை) மாட்டிக்கொண்டு தோன்றினார். உலோக முகமூடி பிறகு வந்தது.

முதலில் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' (1999) கேளுங்கள். பாபிட்டோ கார்சியாவின் சிறு இசை நிறுவனம் வெளியிட்டது. ஒலி கரகரப்பாக இருக்கும், ஹெட்ஃபோன் பழுதில்லை. இடையில் வரும் கார்ட்டூன் வசனங்களைத் தள்ளிவிட்டால் அவர் ஏற்றிருக்கும் வில்லன் பாத்திரம் பிடிபடாது. அடுத்து இசைத் தயாரிப்பாளர் மேட்லிப்போடு செய்த 'மேட்வில்லனி' (2004). ஷஃபிளை அணைத்துவிடுங்கள். 22 துண்டுகள், பல இரண்டு நிமிடம்கூட இல்லை, கோரஸ் அபூர்வம்.

கீடோரா ஆல்பத்தில் (2003) 'அவர் குரலே அதிகம் இல்லையே' என்றீர்கள். சரிதான், அதில் பீட்தான் (பின்னணி இசை) அவருடையது; ராப் பெரும்பாலும் மற்றவர்கள். அதே ஆண்டின் விக்டர் வான் ஆல்பம் நேர் எதிர். வரிகளை அலச வேண்டுமென்றால் வான் போதும்.

இறந்தது 2020 அக்டோபர் 31, குடும்பம் அறிவித்தது டிசம்பர் 31. இரண்டையும் கலக்காதீர்கள்.