கணக்குக் கேளுங்கள், தலை எண்ணச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

சில வருடங்களாக நானும் என் கணவரும் ஒரு மிஷனரி குடும்பத்தை மாதந்தோறும் தாங்கி வருகிறோம். வேறொரு நாட்டில், இன்னும் வேதாகமம் மொழிபெயர்க்கப்படாத ஒரு மொழி பேசுகிற மக்கள் நடுவே இருக்கிறார்கள். ஜெபக் கடிதம் ஒழுங்காக வருகிறது. ஆனால் அதில் மொழி கற்கிறோம், பக்கத்து வீட்டாரோடு பழகுகிறோம், பிள்ளைக்குக் காய்ச்சல், விசா புதுப்பிக்க அலைகிறோம் என்பதுதான் இருக்கிறது. இதுவரை ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. இன்னொரு ஊழியத்தின் பத்திரிகையைப் பார்த்தால் ஒரே கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இயேசுவை ஏற்றுக்கொண்டதாகப் போடுகிறார்கள். "காணிக்கையை அங்கே மாற்றிவிட்டால் என்ன?" என்று கணவர் கேட்கிறார். அந்த நாட்டு ஊழியர்களுக்கே நேராக அனுப்பினால் கால்வாசி செலவில் முடியுமே என்று சபையில் ஒருவர் சொல்கிறார். பணம் எப்படிச் செலவாகிறது என்று அவர்களை அனுப்பிய மிஷன் சங்கத்திடம் கேட்கலாமா, தேவனுக்குக் கொடுத்ததைப் பற்றிக் கேள்வி கேட்பது தப்பா? போகிறவர்கள் தங்கள் வாழ்க்கையையே கொடுக்கிறார்கள், நாங்கள் பணம் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறோம். எங்களைப் 'பங்காளர்கள்' என்று அவர்கள் எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றாதீர்கள்.

வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளத்தில் வந்து இறங்கினார். அவருடைய ஊழியத்தில் ஞானஸ்நானம் எடுத்த முதல் வங்காளி கிருஷ்ண பால் என்ற தச்சர், அது நடந்தது 1800 டிசம்பர் கடைசியில். ராபர்ட் மாரிசன் 1807இல் சீனாவுக்குப் போனார், முதல் ஞானஸ்நானம் 1814இல். அதோனிராம் ஜட்சன் 1813இல் ரங்கூன் போய்ச் சேர்ந்தார், முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819இல். அந்த ஆறேழு வருடங்களில் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மொழி கற்றார்கள், அகராதிக்குச் சொல் சேர்த்தார்கள், காய்ச்சலில் கிடந்தார்கள். கேரியும் ஜட்சனும் பெற்ற பிள்ளையை அங்கேயே அடக்கம் செய்தார்கள். உங்களுக்கு வருகிற ஜெபக் கடிதத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட இதேதான். அந்த வருடங்களில், ஆள் சேரவில்லை, வேறு இடத்துக்குக் கொடுக்கலாம் என்று அவர்களை அனுப்பியவர்கள் முடிவு செய்திருந்தால் பின்னால் வந்த எதுவுமே வந்திருக்காது.

அந்த மற்ற ஊழியத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அதனால் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொதுவாக ஒன்று சொல்லலாம். கூட்டத்தில் கை உயர்த்தியவரை எண்ணுவது சுலபம், மூன்று வருடம் கழித்து அவர் எந்தச் சபையில் இருக்கிறார் என்று சொல்வது கஷ்டம், பல அறிக்கைகளில் முதல் எண் மட்டும்தான் இருக்கும், அதைப் படித்துவிட்டு நாமும் அல்லேலூயா சொல்லிவிட்டு அடுத்த வருடம் அதைவிடப் பெரிய எண்ணை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். எண்ணிக்கை கேட்கிற பங்காளர்தான் பொய்க் கணக்கு எழுதுகிற ஊழியரை உருவாக்குகிறார். விசுவாசத்துக்கு வருவதே ஆபத்தாக இருக்கிற நாடுகளில் இது இன்னும் மோசம். நம்மைத் திருப்திப்படுத்தப் போடுகிற ஒரு போட்டோ அங்கே ஒருவருடைய வேலைக்கோ உயிருக்கோ உலை வைத்துவிடலாம். உங்கள் குடும்பம் யாருடைய பெயரையும் எழுதுவதில்லை என்றால் அதற்காக அவர்களை மதியுங்கள். அவர்களுடைய கடிதத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அப்படியே அனுப்பவும் வேண்டாம்.

ஆனால் பணக் கணக்கு வேறு. அதைத் தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்குச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தன்னந்தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் இந்தக் காரியம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். பவுலே அப்படி நடந்துகொண்டார் என்றால், கணக்குக் கேட்டால் கோபப்படுகிற ஊழியத்தை என்னவென்று சொல்வது? தணிக்கை செய்த வரவுசெலவு இருக்கிறதா, நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தாரே உட்கார்ந்திருக்கிறார்களா, அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, குறிப்பிட்ட வேலைக்கென்று கொடுத்த பணம் அதற்கே போகிறதா என்று கேளுங்கள். நல்ல சங்கம் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

கணக்கு வந்தால் அலுவலகச் செலவைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். எல்லைக்கு அப்பால் பணத்தை முறையாகச் சேர்ப்பது, மிஷனரிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் நடுராத்திரியில் போன் எடுப்பது, கலவரம் வந்தால் குடும்பத்தை வெளியே கொண்டுவருவது, இதெல்லாம் அந்த அலுவலகம்தான் செய்கிறது. அப்புறம் அந்தக் குடும்பத்தின் பட்ஜெட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டு வாடகை, மொழி சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சம்பளம், விசா கட்டணம், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு, சில வருடத்துக்கு ஒருமுறை ஊர் வந்து போக டிக்கெட், முதுமைக்கு ஒரு சேமிப்பு. இதில் எதற்கும் மேலே கொடுத்தவர் பெயரைப் பொறித்துக் கல் வைக்க முடியாது. ஆலயம் கட்ட, வண்டி வாங்க என்றால் கொடுக்க ஆள் வரும். அந்த வண்டிக்கு மாதாமாதம் எரிபொருள் போட யாரும் வரமாட்டார்கள். இருந்த பங்காளர்களில் ஒருவர் சொல்லாமல் நிறுத்திக்கொண்டால், மாதக் கடைசியில் சங்கத்திலிருந்து வருகிற பட்டியலில் ஒரு வரி குறைந்திருப்பதைப் பார்த்துத்தான் அவர்களுக்கே தெரியும். ஏன் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள், கேட்கவும் முடியாது.

கணக்குக் கேட்பதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது அனுப்பியவர் டென்மார்க் அரசர், ஆளும் ஆதரவும் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து, பிறகு அச்சு இயந்திரம் வந்தது லண்டனில் இருந்த ஒரு சங்கத்திடமிருந்து. மூன்று நாட்டுக் காணிக்கை சேர்ந்துதான் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. ஆனால் கோபன்ஹேகனில் மிஷன் குழுவின் செயலராக வந்த வென்ட் என்பவர், மிஷனரிகள் அப்போஸ்தலரைப் போலப் பிரசங்கித்துக்கொண்டு போனால் போதும், கட்டிடமும் பள்ளியும் எதற்கு என்று அங்கே உட்கார்ந்தபடியே பணத்தை இறுக்கினார், கடுமையாக எழுதவும் செய்தார். ஏற்கெனவே உடல் நைந்திருந்த சீகன்பால்க் அதில் மனமும் உடைந்து 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்துபோனார். இது எனக்கு மிகவும் வலிக்கிற வரலாறு. பணம் எங்கே போனது என்று கேட்பது நம் வேலை, களத்தில் எதை எப்போது செய்ய வேண்டும் என்பது அங்கே இருக்கிறவர்களின் வேலை.

கால்வாசி செலவு என்று சொன்ன சகோதரர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். உள்நாட்டு ஊழியர்களோடு பங்காளராக இருப்பது அருமையான காரியம். ஆனால் நீங்கள் சொல்கிற மக்களிடம் விசுவாசிகளே இல்லையே, அங்கே உள்நாட்டு ஊழியர் எங்கிருந்து வருவார்? அதே நாட்டில் பக்கத்து இனத்திலிருந்து ஒருவர் போனாலும் அவரும் புது மொழி கற்க வேண்டும், அவரையும் யாராவது வருடக்கணக்கில் தாங்க வேண்டும். சபை உருவான இடத்திலோ நேர் எதிரான கவனம் தேவை. 1890இல் சீனாவில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஜான் நீவியஸ் என்ற மிஷனரி கொரியாவுக்குப் போய் அங்கிருந்த மிஷனரிகளிடம், உள்ளூர்ச் சபை தன் ஊழியரைத் தானே தாங்கட்டும், வெளிநாட்டுச் சம்பளத்தில் பழக்காதீர்கள் என்று வற்புறுத்தினார், அவர்களும் அதைக் கைக்கொண்டார்கள். இன்று கொரியச் சபைகளே உலகமெங்கும் மிஷனரிகளை அனுப்புகின்றன. ஒரு போதகரின் சம்பளம் முழுக்க கடல் தாண்டி வந்தால் அவர் தன் சபையைவிட நம் மின்னஞ்சலுக்குத்தான் அதிகம் பயப்படுவார்.

சரி, உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். லூதர் ரைஸ் என்ற பெயர் பலருக்குத் தெரியாது. 1812இல் ஜட்சன் புறப்பட்ட அதே காலத்தில் மிஷனரியாகவே அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறியவர். இந்தியா வந்த இடத்தில் ஞானஸ்நானத்தைப் பற்றி இருவருடைய கருத்தும் மாறிவிட்டது, குழந்தைகளுக்கு அல்ல, விசுவாசித்தவர்களுக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்ற பாப்டிஸ்ட் கருத்துக்கு வந்துவிட்டார்கள். மனசாட்சிப்படி தங்களை அனுப்பிய குழுவின் தாங்குதலை விட வேண்டியதாயிற்று. யாராவது ஒருவர் திரும்பிப்போய்ப் புதிதாக ஆதரவு திரட்ட வேண்டும், ரைஸ் போனார். 1814இல் பாப்டிஸ்ட் சபைகளை ஒன்றுசேர்த்து ஒரு மிஷன் அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தார். அதன்பின் சபை சபையாகக் குதிரையில் அலைந்து பணமும் ஜெபமும் திரட்டினார். திரும்பி வர வேண்டும் என்றுதான் போனார், 1836இல் இறக்கும்வரை பர்மாவைப் பார்க்கவே இல்லை. ஜட்சன் 1834இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். அதில் ரைஸுக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

பிலிப்பியர் சபையும் அப்படித்தான். அவர்களும் மக்கெதோனியாவின் மற்ற சபைகளும் கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள் என்று பவுலே எழுதுகிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அவருக்கு ஒருமுறைக்கு இருமுறை அனுப்பினார்கள். பிறகு தங்களில் ஒருவரான எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பினார்கள், அவர் அந்த வேலையில் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். பவுலுக்கு அந்தப் பணத்தைவிட அவர்கள் பெயரில் ஏறுகிற பலன்தான் பெரிதாகத் தெரிந்தது. உங்களைப் பங்காளர் என்று அந்தக் குடும்பம் எழுதுவது முகஸ்துதியே இல்லை, அதைக் கூசாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை எழுதும்போது மொழிப் பாடம் எந்த அளவில் இருக்கிறது, பிள்ளையின் காய்ச்சல் என்ன ஆயிற்று, இந்த வருடம் தாங்குதலில் எவ்வளவு குறைகிறது என்று விசாரியுங்கள். கடைசியில் சொன்னதை அவர்களாக வாய்திறந்து சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பதில் வந்ததும் சபையில் இன்னும் இரண்டு குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள், கால்வாசி செலவு சொன்ன அந்தச் சகோதரரிடமும்.