பணம் கட்டி முன்னிறுத்தும் விளம்பரம் சிறு விற்பனையாளருக்குப் பயன் தருமா?

அமேசானில் தேடும்போது மேல்வரிசையில் ‘ஸ்பான்சர்டு’ என்ற சிறு குறிப்புடன் ஒரு பொருள் தெரிந்தால், அந்த இடத்துக்கு விற்பனையாளர் ஏலம் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். பார்ப்பவர் வாங்காவிட்டாலும், அதைச் சொடுக்கினாலே கட்டணம் விழும். விற்பனை வரலாறும் மதிப்புரைகளும் இல்லாத புதிய கடை தேடலில் பின்தங்கிவிடுவதால், அந்தத் தொடக்கத் தடையைத் தாண்ட இச்செலவு உதவும். சந்தை வாசலில் கூடுதல் வாடகைக்குக் கடை போட்டால் கூட்டம் எட்டிப் பார்க்கும். வாங்குவது என்னவோ சரக்கைப் பார்த்துத்தான்.

500 ரூபாய்ப் பையில் 100 ரூபாய் இலாபம், ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 பேர் திறந்து பார்த்து ஒருவர் மட்டும் வாங்கும்போது இலாபம் முழுவதும் கரைந்துவிடும். படம் மங்கலாக இருந்தால் நட்டம்தான். ஈபே என்ற இணையச் சந்தையில், பொருள் விற்றால் மட்டும் விளம்பரக் கட்டணம் வாங்கும் முறையும் உண்டு. சிறு முதலுக்கு அதுவே பாதுகாப்பானது.

அதிகத் தொகை கேட்டவருக்கே முதலிடம் என்று பலர் எண்ணினாலும், தேடிய சொல்லுக்கு அப்பொருள் பொருந்துகிறதா என்பதையும் தளம் பார்க்கிறது.