சாப்பாட்டுக்கு முன் பவுடர்: வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை மட்டும்தான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரை சட்டென்று ஏறாது என்று ஒரு பவுடருக்கு விளம்பரம் வருகிறது. 300 கிராம் டப்பா 1,800 ரூபாய். வேளைக்கு 10 கிராம். வாங்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: விளம்பரம் சொல்லும் உடலியல் உண்மைதான். இரைப்பை தன் இஷ்டத்துக்கு உணவைக் கீழே தள்ளுவதில்லை. வேகத்தைச் சிறுகுடல்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும் அதன் சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். குடலில் இன்னும் கீழே சத்து போய்ச் சேர்ந்தால், இப்போது ஊசியாகப் பேசப்படுகிறதே, அந்த ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். இவை இரைப்பையின் மேல்பகுதியைத் தளர்த்தி, அடிவாயிலை இறுக்கிவிடும். அதனால்தான் சத்துள்ள உணவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 கலோரி அளவில் இறங்குகிறது. வெறும் தண்ணீருக்கு இந்தத் தடை கிடையாது. பாதி 20 நிமிடத்துக்குள் போய்விடும்.

ஆக, தடை போடுவது சத்து. அந்த 10 கிராமில் புரதம் எத்தனை என்று டப்பாவின் பின்பக்க அட்டவணையில் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் பாலிலிருந்து எடுத்த வே புரதம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், வேளைக்கு 15 கிராமும் கொடுத்திருக்கிறார்கள், 55 கிராமும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பவுடர் முழுக்கப் புரதமாகவே இருந்தாலும் 10 கிராம்தான். அதற்கு வேளைக்கு 60 ரூபாய்! இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் இருக்கிறது. நான் வாங்க மாட்டேன். முட்டையோ சுண்டலோ, கூடவே காய்கறியோ முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டாலே, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் கிளிமிபிரைடு போன்ற, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை சாப்பிட்டால், உணவு தாமதமாக இறங்கும்போது சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்புவது, குமட்டல், வாந்தி இருந்தால் இரைப்பை ஏற்கெனவே மந்தமாகியிருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரையில் இது வரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தைக் கூட்டக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

விளம்பரத்தில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று இருந்தால் அது சட்டப்படி தவறு. அந்த விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணையும் குறித்து வையுங்கள். புகாரில் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.