கரித்துகளை லேசர் வெச்சு எப்படி அளக்குறாங்க? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, பால்கனில காத்துல உள்ள பொடித்தூசிய அளக்குற பிஎம் 2.5 மீட்டர் வெச்சிருக்கேன், கீழ லாரி கரும்புகை கக்கிட்டு போனாலும் நம்பர் பெருசா ஏறல. மெஷின் போச்சா?

பதில்: மெஷின் நல்லாத்தான் இருக்கும் தம்பி. அது தூசில பட்டு சிதறுற லேசர் வெளிச்சத்த வெச்சு கணக்கு போடுது, 0.3 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ போனா அதுக்கு சரியா தெரியாது, டீசல் கரி பெரும்பாலும் 0.1 மைக்ரான் பக்கம்தான். போதாததுக்கு கரி வெளிச்சத்த முழுங்கிடும். அவ்ளோ பொடிசான துகள்ல சைஸ் பாதியானா சிதறல் 64ல ஒரு பங்காயிடும், உறிஞ்சுறது 8ல ஒரு பங்குதான் ஆகும். அதனால கரிய புடிக்கணும்னா உறிஞ்சுறதத்தான் நம்பணும்.

கேள்வி: அப்போ லேப்ல எப்படி சார் பண்றாங்க?

பதில்: எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது. 1064 நானோமீட்டர் லேசர்ல சில நானோசெகண்ட் மட்டும் ஒரு அடி, கரி கிட்டத்தட்ட 4000 கெல்வின் வரைக்கும் சூடாகி குண்டு பல்பு இழை மாதிரி ஜொலிக்கும். உப்பு, சல்பேட் துகள்லாம் அந்த வெளிச்சத்த உறிஞ்சாது, அதனால ஜொலிக்காது. எவ்ளோ ஜொலிக்குதோ அவ்ளோ கரி. எவ்ளோ சீக்கிரம் அணையுதுங்கிறதுல துகளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்குற குட்டி உருண்டைங்களோட சைஸ் தெரியும், சின்ன டம்ளர் டீ சீக்கிரம் ஆறிடும் சொம்புல இருக்குறது ஆறாதுல்ல, அதே கதை. 1977ல எக்பிரெத்னு ஒருத்தர் தீச்சுடர்ல ராமன் சிதறல் (மூலக்கூறுல பட்டு நிறம் மாறி சிதறுற லேசர் வெளிச்சம்) அளக்கப் போனப்ப இந்த ஜொலிப்பு தொல்லையா குறுக்க வந்துச்சு, 1984ல மெல்டன் அந்த தொல்லையவே அளவுகோலா மாத்திக் காட்டுனார்!

கேள்வி: பவர் ஏத்துனா இன்னும் துல்லியமா வருமா?

பதில்: வராது. ஒரு அளவுக்கு மேல கரியே ஆவியாயிடும், அப்புறம் எத அளக்குறது.

கேள்வி: பச்சை லேசர் ஓகேவா?

பதில்: பச்சைன்னா 532 நானோமீட்டர், அதுலயும் பண்ணலாம், ஆனா தீச்சுடர்ல உள்ள ஹைட்ரோகார்பன்லாம் சேந்து ஒளிரும், கலந்துடும்.

கேள்வி: அண்ணா, என் பையனுக்கு வீசிங். போகி அன்னிக்கு வீட்டு மீட்டர நம்பலாமா?

பதில்: நம்பர அப்படியே எடுத்துக்காதீங்கம்மா. போகி விடியக்காலைல பனி ஈரத்துல துகள் ஊதிப்போயிருக்கும், மீட்டர் அதிகமா காட்டும், அதே நேரத்துல டயர் எரிச்ச கரில ஒரு பகுதிய விட்டுடும். ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாருங்க. டயர் நாத்தம் வந்தாலே ஜன்னல சாத்திட்டு புள்ளைய உள் ரூம்ல வெச்சுக்கோங்க, இன்ஹேலர் கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும்.

கேள்வி: சார், காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இத செய்யலாமா?

பதில்: கைடு கூட இருந்தா மட்டும். 1064 கண்ணுக்கே தெரியாது, பட்டதே தெரியாம விழித்திரை போயிடும் தம்பி, அந்த அலைநீளத்துக்குன்னே உள்ள பாதுகாப்பு மூக்குக்கண்ணாடிய மொதல்ல வாங்குங்க, லேசர் அப்புறம்.